முக்கால் இஞ்சுக் குழாய்

எல்லாரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலி, ரத்த அழுத்தம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு அடங்கியிருக்கின்றனவா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். இந்த வீட்டு கராஜில் இன்று நிற்க இடமில்லை. நாற்காலி போதாமல் எதிர்வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நாற்காலிகள்கூட வந்து சேர்ந்துவிட்டன.

அந்தக் கூட்டத்தை இரண்டு முழங்கைகளாலும் விலக்கிக்கொண்டு வந்த சின்னவள், காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் வயிற்றின் மேல் யாரோ சாத்தியிருந்த பூவளையத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தாள்.

"ஏன்டி, செத்தவருக்கு வந்த பூவ இப்படியா வீசுவாங்க?" என்றாள் அத்தை. பெட்டிக்குள் கிடந்தவருக்கு அவள் கூடப் பிறந்த அக்கா. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாலும் அதட்டலுக்கு மட்டும் குரல் மிச்சம் இருந்தது.

"அது என்ன முக்காலியா அத்தை? மேல வால்வு இருக்கு. கண்டதையும் வெச்சு அழுத்தக் கூடாது."

"அப்பன் போயிட்டான். இவளுக்கு வால்வு பெருசா இருக்கு."

சின்னவள் வால்வில் ஒட்டியிருந்த பூவிதழை ஊதித் தள்ளினாள். பதில் சொன்னால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது.

பெட்டியைக் கராஜில் வைக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக் கூடத்தின் வாசல் குறுகல், மாடிப்படி வேறு குறுக்கே இறங்குகிறது, பெட்டி திரும்பாது. கராஜுக்குத்தான் அகலமான ஷட்டர். அதனால் அப்பா இப்போது அவர் போட்ட குழாய்களுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பாட்டில் கம்பெனியில் குழாய் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எது கேட்டாலும் "முக்கால் இஞ்சு போதும்" என்பார், அதனால் 'முக்கால்'. முக்காலைப் பார்க்க அந்தக் கம்பெனி ஆட்கள் காலையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் எல்லாரும் தவறாமல் தலையை உயர்த்தி மேலே ஓடும் குழாயைப் பார்த்தார்கள்.

பார்க்க வேண்டிய குழாய்தான். கம்ப்ரசரில் புறப்பட்டு, சுவரைப் பிடித்து ஏறி, கூரையோரமாகச் சுற்றி, ஷட்டர் வாசலுக்கு மேலே குறுக்கே கடந்து எதிர்ச் சுவரில் இறங்கியது. சும்மா ஓடவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவில் ஓடியது. காற்றை அழுத்தினால் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர் பெயிண்டோடு கலந்தால் காரின் மேல் அம்மை போட்டது மாதிரி கொப்புளம் வரும். அதனால் தண்ணீர் ஒரு மூலைக்கு வடிந்து வந்துவிடும்படி சரிவு. கீழே இறங்கும் கிளைக் குழாய்கள்கூட முதலில் மேல்நோக்கிக் கிளம்பி, வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த பிறகுதான் இறங்கின.

"மகன் கைராசி," என்றார் கம்பெனி ஆள் ஒருவர். "முக்கால் எங்ககிட்ட பெருமையா சொல்வாரு. பையனே கூட நின்னு எல்லாத்தையும் போட்டுத் தர்றான்னு."

வாசலில் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்த பெரியவன், வெள்ளைச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டான். பழைய கார் வாங்கி விற்கிறவன். பேச்சில் விலை போகாத பொருளே கிடையாது அவனுக்கு. "எல்லாம் அப்பா சொல்லச் சொல்ல செஞ்சதுதாங்க," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. அண்ணன் இந்தக் கராஜுக்குள் காரை விடுவதற்கும் காரை எடுப்பதற்கும் தவிர வேறெதற்கும் வந்ததில்லை. ரெஞ்சின் எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் வால் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். ஒவ்வொரு குழாயையும் வைஸின் இடுக்கில் இறுக்கிப் பிடித்து, எண்ணெய் ஊற்றி, மரை போட்டது அவள். ஏணியில் ஏறிப் பூட்டியது அவள். அப்பா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் கால் சுத்து... போதும் போதும், மரையத் தின்னுடாத," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏணி ஏற வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒருத்தருடைய கடையில் வருஷக்கணக்காக ஸ்ப்ரே கன் பிடிக்கிறவள் அவள். "இரு, நம்ம கராஜ்லயே உனக்கு ஒரு காத்து லைன் போட்டுத் தர்றேன்" என்று அப்பாதான் ஆரம்பித்தார். அதற்கப்புறம் வெளியே போய், மகன் போடுகிறான், மகனுக்குப் போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். இன்று ஒவ்வொரு வாயாக வந்து அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறது. செத்தவரிடம் போய்க் கேட்க முடியுமா, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று? கேட்கலாம். பதில்தான் வராது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மகளுடைய அழுக்குச் சட்டைகளை ஊற வைத்து எண்ணெய்க் கறையோடு மல்லுக்கட்டியவள் அவள்தான். அம்மா கையிலிருந்த கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒரு வார்த்த சொல்லேன்மா," என்றாள் சின்னவள், பக்கத்தில் குந்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்னத்த சொல்லச் சொல்ற இப்ப?"

"லைன் போட்டது யாருன்னு."

"நேத்து நீ கத்திட்டுப் போனதுலயே மனுஷன் சோறு தண்ணி இல்லாம போய்ட்டாரு. இன்னிக்குமா?"

அவ்வளவுதான். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. சின்னவள் எழுந்துகொண்டாள்.

நேற்று நடந்தது இதுதான். ஷட்டருக்கு மேலே குறுக்கே போகும் குழாய் ஒரு கை நீளம் குறைந்தது. கடை அடைப்பு, வாங்க வழியில்லை. பெரியவன் யாரோ பெரிய ஆட்களைக் கூட்டிவந்து பட்டறையைக் காட்டப்போகிறானாம், லைன் ஓட வேண்டுமாம். மத்தியானம் சின்னவள் வந்து பார்த்தால், குளியலறைக்கு வாங்கி மீந்த பிளாஸ்டிக் குழாயை அறுத்து அந்த இடத்தில் மாட்டியிருந்தார் அப்பா. சாட்சாத் முக்கால்! பிளாஸ்டிக்கில் காற்று ஏற்றிய கடைக்காரனை ஒருமுறை நடுத்தெருவில் நிற்கவைத்துக் கிழித்த மனிதர்! "தண்ணிக் குழாய் உடைஞ்சா நனைவ, காத்துக் குழாய் உடைஞ்சா சாவ" என்று அவளுக்கு முதல் நாளே சொல்லித்தந்தவர்!

"என்னப்பா இது?"

"தற்காலிகம்தான். ஒரு நாளைக்கு."

"உடையறதுக்கு ஒரு நிமிஷம் போதும்னு நீங்கதான சொன்னீங்க? கண்ணாடி மாதிரி சிதறும்பா. கீழ நிக்கறவன் கழுத்துல ஏறும்."

"அவன் ஆளுங்கள வரச் சொல்லிட்டான். நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு."

"எனக்குன்னா ஒவ்வொரு மரையையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பீங்க. உங்க மகன் கேட்டா உங்க சட்டத்தையே கழட்டி வெச்சிடுவீங்களா? யாருக்குப்பா போட்டீங்க இந்த லைன? வாயத் தொறந்து சொல்லுங்க!"

அவர் ரெஞ்சைத் துணியால் துடைத்தார். அவள் அவருடைய அந்தத் துடைப்பைப் பார்த்துக்கொண்டே, "நீங்களும் உங்க மகனும் எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, தான் வாடகைக்குத் தங்கியிருக்கும் அறைக்குப் போய்ப் போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்தாள். சாயங்காலம் அம்மா கராஜுக்குள் வந்து பார்த்தபோது, அவர் ஏணிக்கடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டியிருக்கிறாள். இதயம் என்றார் மருத்துவர். விடிந்து போனைப் போட்ட பிறகுதான் சின்னவளுக்குத் தெரிந்தது.

சித்தப்பா உள்ளே வந்தார். அப்பாவின் தம்பி, இன்றைய காரியங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "வண்டி வந்தாச்சு. பாக்கறவங்க பாத்துக்குங்க," என்றார். பிறகு அம்மாவிடம் குனிந்து, "அண்ணி, ஈரத் துண்டக் காயப்போடப் போனேன். பின்னாடி துணி காயப்போடற பைப்பக் காணோமே?" என்றார்.

"எவனோ அறுத்துட்டுப் போயிருக்கான்," என்றாள் அம்மா.

"சாவு வீட்டுலயும் கைவரிசையா! வெளங்குவானுங்களா!" என்று அத்தை, கிடைத்த திருடனை ஒரு பாட்டம் சபித்தாள்.

அப்போதுதான் பெரியவன் நடுவில் வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். கார் விற்கும்போது கடைசி விலை சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் செருமுவான்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். அப்பா கடைசியா ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. இந்த லைன்ல காத்து ஓடறதப் பாக்கணும். பாக்காமயே போயிட்டாரு. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ ஓட்டிடலாம். அவர் காதுல விழட்டும்."

கூட்டம் உருகிவிட்டது. அத்தை, "என் தம்பி பெத்த மகன்னா இவன்தான்டா," என்று அவனைக் கட்டிக்கொண்டாள். கம்பெனி ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சித்தப்பாகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செய், செய்," என்றார். எல்லாரும் வாசல் பக்கமாக, அந்தக் குறுக்குக் குழாய்க்கு நேர் கீழே, நெருக்கியடித்து நின்றார்கள். பெரியவன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

சின்னவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாத."

"விடு."

"தொடாதன்னா தொடாத. வாசலுக்கு மேல பிளாஸ்டிக் பைப் இருக்கு. வெடிச்சா இங்க நிக்கறதுல நாலு பேரையாவது அவர்கூடவே அனுப்பணும்."

"அப்பா போட்ட லைன குத்தம் சொல்றியா? அவர முன்னால படுக்க வெச்சுக்கிட்டா?"

"அவர் போடல, நான் போட்டேன்! அந்த ஒரு துண்டத்தான் அவர் போட்டாரு. அதுவும் உனக்காக, உன் ஆளுங்களுக்காக!"

கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, கூட்டத்தின் முகங்கள் அப்படி இருந்தன. யாரோ ஒருவர், "துக்கத்துல பேசுது பொண்ணு," என்று மன்னித்துவிட்டார். அத்தை மன்னிக்கவில்லை. "பொறாமடி உனக்கு. பொணத்துகிட்டகூட பங்கு கேக்கறியா?"

"தள்ளுங்க," என்றாள் சின்னவள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க. காட்டறேன்."

மூலையில் சாய்த்திருந்த ஏணியை இழுத்துவந்து வாசலோரம் நிறுத்தினாள். இரும்புக்கால் தரையைக் கீறிய சத்தத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. வாசலுக்கு மேலே குறுக்காகப் பெரியவனின் சிநேகிதர்கள் இரவே ஒரு கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குழாய் அதன் பின்னால் மறைந்திருந்தது. காற்றுக் குழாயில் துணி கட்டியிருக்கிறான்கள் என்று அதற்கும் ஒரு வசவு வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு ஏறினாள். இந்தத் துணியை விலக்கி, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கை எல்லாரும் பார்க்கும்படி காட்ட வேண்டும். முக்கால் செய்த வேலையைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவமானமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

துணியை விலக்கினாள்.

பிளாஸ்டிக் இல்லை.

இரும்பு இருந்தது. ஒரு கை நீளத்துக்கு, வெளிறிய மஞ்சள் பூச்சு உரிந்த பழைய இரும்புக் குழாய். துணி உரசி உரசி ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பின்வாசலில் அம்மா துணி காயப்போடும் குழாய். இரண்டு முனையிலும் புதிதாய் மரை போட்டு, வெள்ளை டேப் சுற்றி, ஒரு பக்கம் பூட்டியாகிவிட்டது. மறுபக்கம், இரண்டு குழாய்களை இணைக்கும் யூனியன் பாதி இறுகிய நிலையில் நின்றது. அதைக் கடித்துக்கொண்டு ரெஞ்ச் தொங்கியது. அது கொக்கி என்று நினைத்து, கறுப்புத் துணியின் ஒரு முனையை அதன் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள்.

அவள் ஏணியின் மேல் அப்படியே நின்றாள்.

அவள் போன பிறகு செய்திருக்கிறார். சாப்பிடாமல். அந்தக் குழாயை அறுத்து, வைஸில் பிடித்து, தானே மரை போட்டு, ஏறக் கூடாத ஏணியில் ஏறி. மரை போடுவது அவளுக்கே மூச்சு வாங்கும் வேலை. முடிக்கிற இடத்துக்கு வந்து கை ஓய்ந்துபோயிருக்கிறது. இறங்கி உட்கார்ந்திருக்கிறார்.

கூப்பிட்டிருக்கலாம். அம்மாவை விட்டாவது, வாடி என்று ஆள் அனுப்பியிருக்கலாம். நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே வந்து ஏறியிருப்பாள். வாயைத் திறந்து அதைச் சொல்வதைவிட, துணி காயும் குழாயை அறுத்து மேலே தூக்கிக்கொண்டு ஏறுவது சுலபமாக இருந்திருக்கிறது அந்த மனிதருக்கு. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ரெஞ்சைப் பிடுங்கிக் கீழே எறிந்திருப்பாள். கீழே பெட்டி இருந்தது.

"என்ன? பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார் சித்தப்பா.

"இல்ல."

"பாத்தீங்களா!" என்றான் பெரியவன். "வேணும்னே..."

"இன்னும் இறுகல," என்றாள் அவள். "ஏணியப் பிடி."

"யாரு, நானா?"

"பிடிடா."

வாழ்நாளில் முதல் தடவையாக அவனை டா போட்டாள். அவனும் முதல் தடவையாகச் சொன்னதைச் செய்தான். ஏணிக்காலில் இருந்த கிரீஸ் வெள்ளைச் சட்டையில் கோடு போட்டது. அவள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள், ரெஞ்சை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து இழுத்தாள். யூனியன் முனகிக்கொண்டு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். போதும்.

"போடலாமா இப்ப?" என்றான் பெரியவன் கீழிருந்து, மெல்ல.

"சோப்புத் தண்ணி வேணும். கசியுதான்னு பாக்கணும்."

உறவுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சோப்புத் தண்ணியா, எதற்கு, எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பெட்டியின் தலைமாட்டிலிருந்து அம்மா எழுந்தாள். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு அசையாதவள். வீட்டுக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம், கரண்டி கலக்கும் சத்தம். பழைய தகரக் குவளையும், முடி கொட்டிய பெயிண்ட் பிரஷ்ஷுமாகத் திரும்பி வந்தாள். கூட்டம் வழி விட்டது. ஏணிக்கடியில் நின்று கையை உயர்த்தி நீட்டினாள்.

"இந்தா. ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நீ கேக்கற மாதிரிதான் கலக்கியிருக்கேன். நுரை அதிகமில்லாம," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு நாத்தனாரின் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அத்தை முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"இப்பப் போடு," என்றாள் சின்னவள்.

சித்தப்பாதான் சுவிட்சைப் போட்டார். பெரியவன் ஏணியை விடவில்லை. கம்ப்ரசர் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது, பேச்சு எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று, அழுகிற குழந்தை வாயைத் திறந்தபடி அழுகையை மறந்தது. குழாய்க்குள் காற்று ஏறுவது அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. லேசாகச் சூடேறி, லேசாகத் துடித்து, பிறகு கெட்டியாக நின்றது. அழுத்தம் காட்டும் முள் மேலே போய்த் தொட்டதும் கம்ப்ரசர் டக்கென்று நின்றுவிட்டது.

அப்படி ஒரு அமைதி. எங்கேயும் ஒரு சீறல் இல்லை.

அவள் பிரஷ்ஷைக் குவளையில் தோய்த்து யூனியனைச் சுற்றித் தடவினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கண்ணை மரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவர் போட்ட மரை, அவள் போடுவதைவிடக் கொஞ்சம் ஆழம். ஒரு குமிழிகூட எழவில்லை. எழ வேண்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். எழுந்திருந்தால் அவரோடு சண்டை போட இன்னும் ஏதாவது மிச்சமிருக்கும்.

"நேரமாச்சும்மா," என்றார் சித்தப்பா. "எறங்கு. தூக்கணும்."

"தூக்குங்க."

"நீ எறங்கினாத்தானே..."

"பக்கத்துல எடமிருக்கு. தூக்குங்க நீங்க."

அவள் இறங்கவில்லை. கம்பெனி ஆட்களில் நாலு பேரும் சித்தப்பாவும் பெட்டிக்குக் கை கொடுத்தார்கள். மூடியை வண்டியில்தான் மூடுவதாக ஏற்பாடு. அம்மா எழுந்து ஒதுங்கினாள், அத்தை ஓலமிட்டாள், நாற்காலிகள் நகர்ந்தன. பெட்டி கால் பக்கமாக வாசலை நோக்கி வந்தது, ஏணியை உரசாமல், மெதுவாக. மேலிருந்து பார்க்க அவர் உயரம் குறைந்தவராக, யாரிடமோ ரொம்ப நேரம் கோபமாக இருந்துவிட்டுத் தூங்கிப்போனவராகத் தெரிந்தார். முதலில் கால்கள் அவளுக்குக் கீழே கடந்தன, பிறகு கட்டிய கைகள்.

யூனியனின் அடியில் சோப்புத் தண்ணீர் திரண்டு, கனத்து, ஒரு சொட்டாக நீண்டது. அவள் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவர் முகம் அந்த இடத்தைத் தாண்டிப் போகிறவரை, குழாய்க்கு அடியில் உள்ளங்கையைக் குழித்து ஏந்திக்கொண்டிருந்தாள்.